தேக்கா மார்க்கெட்டுக்கு முதல் தடவை போறீங்களா, இப்படிப் போங்க

சிங்கப்பூர் வந்துட்டுப் போற நம்ம ஆளுங்ககிட்ட லிட்டில் இந்தியால இருக்க தேக்கா போனீங்களானு கேட்டா போனோமேனு தான் சொல்றாங்க, என்ன பாத்தீங்கனு கேட்டா ஒரு பிரியாணி சாப்பிட்டோம், வெளிய நின்னு ரெண்டு போட்டோ எடுத்தோம், அப்படியே முஸ்தபா சென்டர் கடைக்கு நடந்து போயிட்டோம்னு முடிச்சிடறாங்க. அவங்க உக்காந்து சாப்பிட்ட இடத்துலருந்து சில அடி தள்ளி அதே கூரைக்குக் கீழ மீன், கறி, காய், கீரை, தேங்கா, அரைச்ச மசாலானு ஒரு முழு மார்க்கெட் இருந்திருக்கும், அத எட்டிக்கூட பாத்திருக்க மாட்டாங்க. எனக்கு இது ரொம்ப ஆதங்கமா இருக்கு. தேக்கான்னா மொதல்ல மார்க்கெட், சாப்பாட்டுக் கடை அதுக்கப்புறம் தான், அதனால காலைல போய் மார்க்கெட்ட ஒரு சுத்து சுத்திட்டு பசியோட சாப்பிட உக்காருங்க, இந்த வரிசைய மட்டும் மாத்தாதீங்க.

போறது ரொம்ப ஈசி. லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன், நார்த் ஈஸ்ட் லைனும் டவுன்டவுன் லைனும் ரெண்டுமே நிக்கும், எக்ஸிட் சி வழியா மேல வந்தா பஃபலோ ரோடு, பக்கத்துலயே கட்டடம். சாங்கி ஏர்போர்ட்லருந்து நேரா வர்றவங்க எக்ஸ்போ ஸ்டேஷன்ல எறங்கி டவுன்டவுன் லைன் மாறிட்டா அதுக்கப்புறம் எங்கயும் மாற வேண்டாம், லிட்டில் இந்தியாவுலயே எறங்கலாம். வெளிய பூக்கடை, காய்கறிக் கடைனு ரோட்டோரமாவும் இருக்கும், அதப் பாத்துட்டு இதான் தேக்கா மார்க்கெட்டுனு நெனச்சு திரும்பிடாதீங்க, உள்ள போங்க.

இந்த ஏரியால அந்தக் காலத்துல மாடு, எருமை வியாபாரம் தான் பெருசு, பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு எல்லாம் அதுலருந்து வந்த பேரு தான். எருமைத் தொழுவத்துக்கு மலாய்ல கண்டாங் கெர்பாவ்னு சொல்வாங்க, பக்கத்துல இருக்க கேகே பிரசவ ஆஸ்பத்திரியோட ரெண்டு கே-யும் அது தான். பழைய மார்க்கெட் 1915ல கட்டினது, அது இப்ப இருக்க இடத்துல இல்ல, சிராங்கூன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. 1982ல தான் இந்தக் கட்டடத்துக்கு மாறிச்சு, அப்ப ஜூஜியாவ் சென்டர்னு சீனப் பேரு வச்சாங்க, ஆனா ஜனங்க தேக்கானே கூப்பிட்டுட்டு இருந்ததால 2000ல பேர தேக்கா சென்டர்னே மாத்திட்டாங்க. பழைய மார்க்கெட்டுக்கு கேகே மார்க்கெட்டுனும் ஒரு பேரு, அதனால யாராவது வயசானவங்க அப்படிச் சொன்னாலும் இதத் தான் சொல்றாங்க.

எப்ப போறது

வார நாள்ல காலைல ஏழு மணிலருந்து ஒம்பது மணிக்குள்ள போங்க. அந்த நேரத்துல தான் மீன் நல்லா இருக்கும், கடைக்காரங்களும் ரெண்டு வார்த்தை நின்னு பேசுவாங்க. சனி ஞாயிறு காலைல தீவு முழுக்க இருந்து இந்தியக் குடும்பங்க வாராந்திர சாமான் வாங்க வர்றதால தள்ளுவண்டியும் டிராலியும் இடிச்சுக்கும், அப்ப போனா கேள்வி கேக்க நேரம் இருக்காது, ஆனா கடை எல்லாம் நெறஞ்சு இருக்கறதப் பாக்கணும்னா அதுவும் ஒரு அழகு தான். திங்கக்கிழமை வேண்டாம், மீன் கடை நெறய லீவு விட்டிருப்பாங்க, சிங்கப்பூர்ல எல்லா மார்க்கெட்லயும் இதே கதை தான். மத்தியானத்துக்கு மேல மார்க்கெட் பக்கம் ஒவ்வொன்னா மூடிடும், சாப்பாட்டுக் கடை மட்டும் ராத்திரி வரைக்கும் ஓடும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் லிட்டில் இந்தியா முழுக்க லீவுல வர்ற தொழிலாளர் தம்பிங்க கூட்டமா இருக்கும், வாரம் பூரா ஒழச்சுட்டு அவங்க ஊர்ச் சாப்பாடு சாப்பிட வர்ற ஒரே நாள் அது, அதனால அன்னைக்கு சாயங்காலம் சுத்திப் பாக்கப் போறத விட அவங்களுக்கு மேசைய விட்டுட்டு வேற நாள் போறது நல்லதுனு நான் நெனக்கிறேன்.

கால்ல நல்லா பிடிப்பு இருக்க செருப்பு போடுங்க. சிங்கப்பூர்ல இத ஈரச்சந்தைனு சும்மா சொல்லல, மீன் பக்கம் தரை எப்பவும் கழுவி ஈரமா தான் இருக்கும். கையில ஒரு துணிப்பை, ஒரு டிஷ்யூ பாக்கெட், ரெண்டு வெள்ளி அஞ்சு வெள்ளி நோட்டா கொஞ்சம் ரொக்கம், வெள்ளின்னா இங்க சிங்கப்பூர் டாலர். லோக்கல் ஆளுங்க க்யூஆர் ஸ்கேன் பண்ணி கட்டிடுவாங்க, ஆனா அதுக்கு பெரும்பாலும் சிங்கப்பூர் பேங்க் அக்கவுண்ட் வேணும், வெளியூர்லருந்து வர்றவங்க ரொக்கத்த நம்பிப் போறது தான் சரி. அம்பது வெள்ளி நூறு வெள்ளி நோட்ட காலங்காத்தால நீட்டினா கடைக்காரர் சில்லறைக்கு எங்க போவாரு, மொதல்ல மாத்தி வச்சுக்கோங்க.

முதல் சுத்துல பர்ஸ எடுக்காதீங்க

உள்ள போன ஒடனே முதல் கடைலயே வாங்க ஆரம்பிக்காதீங்க. ஒரு சுத்து முழுசா நடங்க, எந்தக் கடைல என்ன இருக்கு, என்ன வெலை எழுதியிருக்கு, எந்தக் கடைல வயசான அம்மாக்கள் நின்னு வாங்கறாங்கனு பாருங்க. வெலை பாக்கும்போது ஒன்ன கவனிங்க, போர்டுல சில கடைல கிலோவுக்கு எழுதியிருப்பாங்க, சில கடைல நூறு கிராமுக்கு எழுதியிருப்பாங்க, சில கடைல ஒரு துண்டு இவ்வளவு, ஒரு தட்டு இவ்வளவுனு இருக்கும், அட இவ்வளவு மலிவானு நெனச்சு மீன எடுத்து போட சொல்லிட்டு அப்புறம் பில்லு கேட்டு முழிக்கறவங்க நெறய பேரு. பழைய ஆளுங்க கட்டிங்கற கணக்குலயும் பேசுவாங்க, ஒரு கட்டின்னா சுமார் அறுநூறு கிராம். எதுக்குனு கேட்டுட்டு வாங்குங்க, கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

பேரம் இங்க பெருசா நடக்காது, வெலை ஓரளவு பிக்ஸ் தான். ஆனா கொசுறு கேக்கலாம், காய் வாங்கற எடத்துல கொஞ்சம் கறிவேப்பில கொத்தமல்லி கேட்டா சிரிச்சுட்டே எடுத்துப் போடுவாங்க. அதே கடைக்கு ரெண்டாவது தடவை போனீங்கன்னா கேக்காமலே போடுவாங்க.

கூப்பிடற முறையும் சொல்லிடறேன். தமிழ்க் கடைக்காரங்கள அண்ணே, அக்கானு கூப்பிடுங்க, சீனக் கடைக்காரங்கள அங்கிள், ஆன்ட்டி. ஆனா சீன அங்கிள் தானேனு இங்கிலீஷ்லயே பேசிட்டு நிக்காதீங்க, தேக்கால ரொம்ப வருஷமா கடை வச்சிருக்க சீனக்காரங்க பல பேரு தமிழ் பேசுவாங்க, முருங்கக்கீரை, வெண்டக்கா, வாழப்பூனு பேரு சொல்லிக் கேட்டாலே போதும், வெலைய தமிழ்லயே சொல்லுவாங்க. நம்ம ஊர்லருந்து வந்தவங்க இதப் பாத்து அசந்து போறாங்க, தமிழ் வாடிக்கையாளருங்க கூடவே பேசிப் பேசி பழகினது அது.

போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க. கத்தி ஓடிட்டு இருக்க எடத்துல போனத் தூக்கிட்டு வழிய மறிச்சு நிக்கறது அவங்க பொழப்புக்கு இடைஞ்சல்.

மீன் பக்கம்

மீன் வாங்கத் தெரிஞ்சவங்களுக்கு தேக்கா ஒரு திருவிழா. பேரு மட்டும் தான் கொஞ்சம் கொழப்பும், ஏன்னா போர்டுல, பேச்சுல எல்லாம் மலாய்ப் பேரு கலந்து வரும். நம்ம வஞ்சிரத்த தெங்கிரினு சொல்வாங்க, பாத்தாங்னும் சொல்வாங்க. வவ்வால் பாவால், வெள்ளைன்னா பாவால் பூத்தே, கருப்புன்னா பாவால் ஈத்தாம். காணாங்கெளுத்தி கெம்போங். கொடுவா மீன் சியாக்காப். கணவாய் சொத்தோங், இறால் ஊடாங், நெத்திலி ஈக்கான் பிலிஸ். சிவப்பா பெருசா தலையோட கெடக்கறது ஈக்கான் மேரா, அதோட தலைய தான் மீன் தலைக்கறிக்கு வாங்குவாங்க. அந்தக் கறி சிங்கப்பூர்லயே பொறந்த சாப்பாடு, கேரளாலருந்து வந்த கோமஸ்ங்கறவர் ஆரம்பிச்சு வச்சதுனு சொல்வாங்க, சீனக்காரங்களுக்கு மீன் தலைனா உசுரு, நம்ம ஆளுங்களுக்கு புளிக்கொழம்பு, ரெண்டும் சேந்து ஒரே சட்டில வந்துடுச்சு.

கண்ணு தெளிவா துருத்திட்டு இருக்கா, செவுள் சிவப்பா இருக்கா, வெரலால அமுக்கினா சதை மேல எழும்புதா, இதெல்லாம் ஒங்க அம்மா சொல்லிக் குடுத்தது தான், இங்கயும் அதே தான். செவுளத் தூக்கிக் காட்டச் சொன்னா காட்டுவாங்க. இன்னைக்கு வந்ததா, நேத்து ஐஸ்ல வச்சதானு நேராவே கேளுங்க, நல்ல கடைக்காரர் இது கொழம்புக்கு ஓகே, பொரிக்கணும்னா அத எடுத்துக்கோனு கையக் காட்டுவாரு, அந்த மாதிரி ஒருத்தர் கெடச்சா அவர விட்டுடாதீங்க, அடுத்த தடவையும் அவர்கிட்டயே போங்க. எடை போட்டதுக்கு அப்புறம் செதில் எடுத்து, கொடல் எடுத்து வெட்டிக் குடுப்பாங்க, அதுக்குத் தனியா காசு இல்ல, ஆனா எப்படி வெட்டணும்னு நீங்க சொல்லணும், கொழம்புக்கா பொரிக்கவா, தலை வேணுமா வேண்டாமா, துண்டு எவ்வளவு கனம்னு. சும்மா கட் பண்ணுங்கனு சொன்னா அவங்க இஷ்டத்துக்கு தான் வரும்.

நண்டுல காலக் கட்டி உயிரோட வச்சிருக்க பெரிய பழுப்பு நண்டு இலங்கைலருந்து வர்றது, சிங்கப்பூரோட பேர் போன சில்லி கிராபுக்கு அதத் தான் தேடுவாங்க. கையில தூக்கிப் பாத்து, சைஸுக்கு ஏத்த கனம் இருக்கறத எடுங்க. புள்ளி போட்ட நீல நண்டு வெலை கம்மி, ரசத்துக்கும் கொழம்புக்கும் எனக்கு அது தான் புடிக்கும்.

கறிக்கடை

ஆட்டுக்கறி கடைங்கள்ல தமிழ் முஸ்லிம் அண்ணன்மாருங்க தான் அதிகம், சிங்கப்பூர் இந்தியக் குடும்பங்களுக்கு மட்டன்னாலே தேக்கா தான், தூரத்துலருந்து பஸ் ஏறி இதுக்காகவே வருவாங்க. இங்க ஆடு வளக்கற ஊரு இல்ல, பெரும்பாலும் ஆஸ்திரேலியாலருந்து வர்ற கறி, அதனால செம்மறியா வெள்ளாடா, குளிர்ல வச்சு வந்ததா இல்ல ஐஸ் கட்டியா வந்ததானு கேட்டு வாங்குங்க, ருசில வித்தியாசம் நல்லாவே தெரியும். பிரியாணிக்கு, பெரட்டலுக்கு, சூப்புக்குனு என்ன சமைக்கப் போறீங்கனு சொன்னா போதும், தொடையா நெஞ்செலும்பானு அவங்களே முடிவு பண்ணி வெட்டிடுவாங்க. வெட்டுக்கட்டைல அந்தப் பெரிய கத்தி எறங்கற சத்தமும், அண்ணன் ஒரு கையால கறிய நகத்திட்டே நம்மகிட்ட பேசிட்டு இருக்கறதும், பாத்துட்டே நிக்கலாம். பன்னிக்கறி கடைங்க தனி வரிசைல வேற பக்கமா இருக்கும், கலக்காது.

அரைச்ச மசாலா

இத விட்டுட்டு வராதீங்க, என்னக் கேட்டா தேக்கா மார்க்கெட்ல பாக்க வேண்டிய முதல் கடை இது தான். மிளகாய் விழுது, மஞ்சள், மல்லி, சீரகம், சோம்பு, இஞ்சி பூண்டு, வெங்காயம்னு எல்லாத்தையும் ஈரமா அரைச்சு தனித்தனியா குமிச்சு வச்சிருப்பாங்க. நீங்க போய் என்ன கறி, எவ்வளவு கறி, எத்தன பேருக்கு, ஒறப்பு வேணுமானு சொல்லணும். மீன் கொழம்பு, ஒரு கிலோ, வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்கனு சொன்னீங்கன்னா அந்த அக்கா கரண்டிய எடுத்து இதுல ஒன்னு, அதுல ஒன்றரை, சிவப்புல பாதின்னு ஒவ்வொரு குமியலயும் தொட்டு ஒரே பிளாஸ்டிக் பைல போட்டுக் கட்டுவாங்க, தராசே தொட மாட்டாங்க, கட்டிக்கிட்டே புளி எவ்வளவு, தேங்காப்பால் எப்ப ஊத்தணும்னு வாயாலயே செய்முறையும் சொல்லிடுவாங்க. கோழிக்கு ஒன்னு, ஆட்டுக்கு ஒன்னு, குருமாவுக்கு ஒன்னு, மலாய் மாதிரி செய்யணும்னா அதுக்கு வேற, செரைங்கற எலுமிச்சைப் புல், லெங்குவாஸ்ங்கற பேரரத்தை எல்லாம் சேத்து. அன்னைக்கே சமைச்சிடுங்க, இல்லைனா பிரிட்ஜ்ல வைங்க, ஈர விழுது தாங்காது. சிங்கப்பூருக்கு படிக்கவோ வேலைக்கோ புதுசா வந்து தனியா சமைக்க ஆரம்பிச்சிருக்க பிள்ளைங்களுக்கு நான் மொதல்ல சொல்றது இந்தக் கடைய தான், பாக்கெட் மசாலாவ விட இது கோடி மடங்கு மேல், கூடவே சமையல் சொல்லித் தர ஒரு ஆளும் கெடைக்கறாங்க.

தேங்காத் துருவலும் அங்கயே கெடைக்கும், ஒடச்சு மெஷின்ல துருவி எடை போட்டுக் குடுப்பாங்க. பிரவுன் தோல் இல்லாம வெள்ளையா வேணும்னா மொதல்லயே சொல்லிடுங்க.

காய், கீரை பக்கம் பெருசா சொல்லித் தர ஒன்னும் இல்ல, முருங்க, மணத்தக்காளி, வல்லாரை, பொன்னாங்கண்ணி, வாழத்தண்டு, வாழ எலை, சின்ன வெங்காயம்னு நம்ம ஊரு சந்தைல இருக்கறது எல்லாமே இருக்கு. சிங்கப்பூர் சாப்பிடற சாப்பாட்டுல நூத்துக்கு தொண்ணூறுக்கும் மேல வெளிநாட்டுலருந்து வர்றது தான், அதனால ஒரே காய் மலேசியாலருந்தும் இருக்கும், இந்தியாலருந்தும் இருக்கும், வெலை வேற வேற, எந்த ஊருதுனு கேட்டுக்கோங்க.

இப்ப சாப்பிடலாம்

சுத்தி முடிச்சு ஹாக்கர் சென்டர், அதாவது சாப்பாட்டுக் கடைங்க இருக்க பக்கம் வந்தீங்கன்னா நூத்துக்கும் மேல கடை. சிங்கப்பூரோட ஹாக்கர் கலாச்சாரத்த 2020ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க, தேக்கால ஒக்காந்து பாத்தா ஏன்னு புரியும், ஒரே மேசைல ஒருத்தர் தோச, ஒருத்தர் வாத்துச் சோறு, ஒருத்தர் மீ கோரெங் சாப்பிட்டுட்டு இருப்பாங்க.

மொதல்ல எடம் புடிங்க. மேசைல ஒரு டிஷ்யூ பாக்கெட்டோ கொடையோ வச்சிருந்தா அந்த எடத்துக்கு ஆள் இருக்குனு அர்த்தம், இங்க அத சோப் பண்றதுனு சொல்வாங்க, அத நகத்திட்டு உக்காராதீங்க. நீங்களும் அதே மாதிரி டிஷ்யூ வச்சுட்டு போகலாம், ஆனா தனியா வந்துட்டு கூட்ட நேரத்துல நாலு பேரு மேசைய புடிச்சு வைக்காதீங்க, இங்க ஆள் இருக்கானு கேட்டுட்டு இருக்கற மேசைல சேந்துக்கோங்க, தெரியாதவங்களோட ஒரே மேசைல சாப்பிடறது இங்க சகஜம். மேசை நம்பரப் பாத்து வச்சுக்கோங்க, சில கடைல கொண்டு வந்து தருவாங்க, பல கடைல நீங்களே தட்டத் தூக்கிட்டு வரணும்.

என்ன சாப்பிடறதுங்கறது மணியப் பொறுத்தது. காலைல தோச, அப்பம், இடியாப்பம், இல்லைனா ரொட்டி பராட்டா. இடியாப்பத்த இங்க புட்டு மாயம்னு சொல்லி தேங்காத் துருவலும் சக்கரையும் போட்டுத் தருவாங்க, சொதி, பாயா எதிர்பாத்துப் போனவங்களுக்கு மொதல்ல ஒரு மாதிரி இருக்கும், சாப்பிட்டுப் பாருங்க. பராட்டா நம்ம ஊரு பரோட்டா மாதிரி கனமா அடுக்கா இருக்காது, மெல்லிசா மொறுமொறுனு, கோசோங்னா வெறும் பராட்டா, தெலோர்னா முட்டை, கூட மீன் கொழம்பா தால்ச்சாவானு கேப்பாங்க.

பிரியாணி பதினோரு மணிக்கு மேல தான். அல்லாவுதீன், யாக்காதர் ரெண்டு பேருமே இங்க பேர் போன கடை, எது நல்லதுனு சிங்கப்பூர்க்காரங்க சண்டையே போடுவாங்க, நான் சொல்றது, எந்தக் கடைல சோறு தீந்துட்டு அடுத்த சட்டி தெறக்கறாங்களோ அங்க நில்லுங்க, சூடா மேல்லருந்து எடுக்கற பிரியாணிக்கு ஈடு இல்ல. மத்தியானம் லேட்டா போனா மட்டன் தீந்துடும். கூட தால்ச்சாவும் வெள்ளரிக்கா அச்சாரும் வரும், தால்ச்சாவ இன்னும் கொஞ்சம் கேட்டா ஊத்துவாங்க.

ரோஜாக் ஒன்ன கண்டிப்பா சாப்பிடணும், ஏன்னா இது தமிழ் முஸ்லிம்கள் இந்த ஊர்ல கொண்டு வந்த சாப்பாடு, நம்ம ஊர்ல தேடினாலும் கெடைக்காது. கண்ணாடிப் பொட்டிக்குள்ள இறால் ஒட்டின வடை, உருளக்கெழங்கு, முட்ட, தவ்வுங்கற டோஃபு, தெம்பேங்கற சோயாக் கட்டி, மீன் கேக், தேங்கா வடைனு அடுக்கி வச்சிருப்பாங்க. எது எது வேணும்னு நீங்க காட்டணும், அத மறுபடி எண்ணெய்ல போட்டு எடுத்து சின்னதா வெட்டி, கூட வெள்ளரி, வெங்காயம், பச்ச மிளகா வச்சு, கெட்டியா சிவப்பா இனிப்பும் ஒறப்பும் கலந்த ஒரு குழம்பு தனிக் கிண்ணத்துல தருவாங்க. ஒவ்வொரு துண்டுக்கும் தனித் தனி வெலை, ஆசைல அள்ளிப் போட்டா பில்லும் ஏறும் வயிறும் தாங்காது, ரெண்டு பேருக்கு அஞ்சாறு துண்டு தாராளம்.

சீனக் கடைப் பக்கமும் போங்க, வாத்துச் சோறுக்கு ஹெங் கீ, இறால் நூடுல்ஸுக்கு 545 வாம்போனு தேக்காவுக்குனே வர்ற ஆளுங்க இருக்காங்க. ஹலால் பாக்கறவங்க கடை முன்னாடி சர்டிபிகேட் மாட்டியிருக்கானு பாருங்க. மாட்டுக்கறி சாப்பிடாதவங்க முர்தபாவும் சூப்பும் வாங்கும்போது என்ன கறினு கேட்டுக்கோங்க, ஆடு, மாடு, கோழி மூனுலயும் போடுவாங்க. சைவக்காரங்க சைவம்னு போர்டு போட்ட கடையாப் பாத்து வாங்கறது நிம்மதி, மத்த கடைல காய்க் கொழம்புனு சொன்னாலும் சம்பால்ல நெத்திலியோ பெலாச்சான்ங்கற இறால் விழுதோ இருக்கலாம்.

டீ வாங்கறதுக்கு ஒரு சின்னப் பாடம் இருக்கு. டீக்கு இங்க தே-னு பேரு, தே-னு மட்டும் சும்மா கேட்டா கண்டென்ஸ்டு மில்க் ஊத்தி நல்ல இனிப்பா வரும். தே ஓன்னா பால் இல்லாம சக்கரை மட்டும், தே சின்னா டின் பால் வேற வகை, இனிப்பில்லாத பால், சக்கரை தனியா போடுவாங்க. தே ஓ, தே சி பின்னாடி கோசோங்னு சேத்தா சக்கரை இல்லாம, எதுக்குப் பின்னாடியும் சியூ தாய்னா சக்கரை கம்மி, பெங்னா ஐஸ். சுகர் இருக்கவங்களுக்கு தே சி கோசோங், எனக்கு எப்பவும் தே ஹாலியா, இஞ்சி டீ, கண்ணாடி கிளாஸ்ல நொரையோட ஆத்திக் குடுப்பாங்க, பிரியாணிக்கு அப்புறம் அத விட வேற ஒன்னும் வேண்டாம்.

சாப்பிட்டு முடிச்சதும் தட்ட அப்படியே விட்டுட்டு எந்திரிக்காதீங்க. 2021 செப்டம்பர்லருந்து ஹாக்கர் சென்டர்ல தட்டு, கப், டிஷ்யூ எல்லாத்தையும் நாமளே எடுத்து ரேக்ல வைக்கணும்னு சட்டம், முதல் தடவை எழுத்துல எச்சரிக்கை, ரெண்டாவது தடவை முன்னூறு வெள்ளி அபராதம். ரேக்குல ஹலால், ஹலால் இல்லாததுனு தனித்தனியா எழுதியிருக்கும், மாத்தி வைக்காதீங்க, அது ரொம்ப முக்கியம். அங்க மேசை தொடைக்கறவங்க பல பேரு வயசான தாத்தா பாட்டிங்க, சட்டம் இல்லைனாலும் நாமளே எடுத்து வைக்கறது தான் மரியாத.

மாடில சேலை, சல்வார், ரவிக்க தைக்கற கடை எல்லாம் இருக்கு, நேரம் இருந்தா ஏறிப் பாருங்க. வெளிய கெர்பாவ் ரோட்ல 1900ல கட்டின, டான் டெங் நியாங்கற சீன வியாபாரியோட வீடு, கலர் கலரா பெயின்ட் அடிச்சது, எல்லாரும் போட்டோ எடுக்கற எடம், ரெண்டு நிமிஷ நடை.

தீபாவளிக்கு மொத நாள் இங்க வந்து மட்டன் வாங்கலாம்னு நெனச்சா சூரியன் வர்றதுக்கு முன்னாடியே வந்து வரிசைல நில்லுங்க, இல்லைனா தெரிஞ்ச கடைல முன்கூட்டியே சொல்லி வைங்க. பொங்கல் வாரத்துல கரும்பு, மஞ்சக் கொத்து, மாவெலை, மண்பானை எல்லாம் இந்தப் பக்கம் வந்து எறங்கும், அந்த வாரம் சிங்கப்பூர்ல இருந்தீங்கன்னா தவற விடாதீங்க. இன்னொன்னு, சுத்தம் பண்றதுக்காக ஹாக்கர் சென்டர அப்பப்ப மூடுவாங்க, எந்தத் தேதினு தேசிய சுற்றுப்புற வாரியம் முன்னாடியே வெளியிடும், வெளியூர்லருந்து வர்றவங்க அத ஒரு தடவை பாத்துட்டு கெளம்புங்க.

ஓட்டல்ல தங்கியிருக்கவங்க மீன் கறி வாங்கி என்ன பண்றது, பழம் வாங்குங்க. ரம்புத்தான், மங்குஸ்தான், டுக்கு, சிக்கு, சீசன்ல எல்லாம் இருக்கும், மங்குஸ்தான்ல தோல் லேசா அமுங்கறதா எடுங்க, கல்லு மாதிரி இருந்தா உள்ள காஞ்சிருக்கும். டுரியான் சீசன்னா அதையும் விடாதீங்க, ஆனா எம்ஆர்டில டுரியான் கொண்டு போகக் கூடாது, பல ஓட்டல்லயும் உள்ள விட மாட்டாங்க, அதனால வாங்கின எடத்துலயே பிளக்கச் சொல்லி நின்னு சாப்பிட்டுட்டு கையக் கழுவிட்டு கெளம்புங்க. மத்த பழத்தையும் ரூமுக்குப் போய் பிரிங்க, ரயில்ல ஸ்டேஷன்ல எதையும் சாப்பிட்டா குடிச்சா ஐநூறு வெள்ளி வரைக்கும் அபராதம், ஒரு ரம்புத்தானுக்கும் அதே தான்.